வாய்ப்பலகை

எங்கள் ஊரான சர்பாத்தில் யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் முதல் அலைச்சல் ஆட்டுக்கோ அரிசிக்கோ இல்லை, பலகைக்குத்தான். ஊருக்கு வடக்கே மேட்டின் மேல் காற்றாலைகள் ஒரே வரிசையாக, ஒன்றின் சுவரையே அடுத்ததும் பங்கு போட்டுக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வடக்குப் பார்த்து ஒரு வாய் உண்டு. அதன் வழியாகக் காற்று புகுந்து, செங்குத்தாக நிற்கும் நடுத்தண்டையும் அதில் பூட்டிய மரச் சிறகுகளையும் சுழற்றும். சிறகுக் கூடத்துக்குக் கீழே கல் அறை. தண்டு சுற்றினால் மேல்கல் சுற்றும், கோதுமை மாவாகும். காற்று வேகமாக அடிக்கும்போது நிறுத்த வேண்டுமென்றால் முசுக்கொட்டை மரப் பலகைகளை, கடைக்காரன் கடையைச் சாத்துவது போல ஒன்றன் மேல் ஒன்றாகச் சுவர்க்காடியில் இறக்கி அந்த வாயை அடைக்க வேண்டும். வேறு வழி கிடையாது. அதனால்தான் அவற்றுக்கு வாய்ப்பலகை என்று பெயர்.

கோடை முழுக்க எங்கள் ஊரில் காற்று ஓயாது. பேசுகிறவன் காற்றுக்கு முதுகைக் கொடுத்துத்தான் பேச வேண்டும், இல்லாவிட்டால் பாதிப் பேச்சு மண்ணாகிவிடும். காற்று போனதும் சிறகுச் சக்கரங்களைக் கயிற்றால் கட்டிப் போட்டுவிட்டுப் பலகைகளைக் கீழே இறக்குவார்கள். அப்புறம் கல்யாணக் காலம். செங்கல் அடுக்கி, பலகைகளைப் பரப்பி, கம்பளம் விரித்தால் சம்பந்தி வீட்டார் புழுதிக்கு மேலே கௌரவமாக உட்காரலாம். இந்த வறண்ட சீமையில் ஆலையை விட்டால் வேறு எவனிடம் அவ்வளவு பெரிய பலகை இருக்கிறது?

நான் ஹெராத் பக்கத்திலிருந்து கழுதைகளோடு வந்தவன். இந்த ஊரிலேயே பெண் எடுத்து, பேரன் பார்த்து, பல்லும் போய்விட்டது. இன்னும் என் பெயர் ஹெராத்திதான். சுற்றுப்பட்டிகளிலிருந்து தானியத்தை மேட்டுக்கு ஏற்றுவதும் மாவைக் கீழே இறக்குவதும் என் பிழைப்பு. என் மூத்த கழுதையின் பெயர் கான். வேலை செய்யாமலே மரியாதை எதிர்பார்க்கிற குணத்தைப் பார்த்து வைத்த பெயர் அது.

அந்த வருஷம் ஊர்த்தலைவர் தாஜ்முகம்மதின் மூத்த மகளுக்குக் கல்யாணம் கூடியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் தெற்கே, உப்பளத்துக்கு அந்தப் பக்கம். வசதியான இடம். அவர்கள் சொன்ன தேதிக்குள் காற்று முடிந்தாக வேண்டும். எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆலைக்காரர்கள் விடியலில் கூரையில் நின்று ஒரு சிட்டிகை மாவை விடுவார்கள். அது பறக்காமல் காலடியில் விழ வேண்டும், சில நாட்களாவது விடாமல் அப்படி விழ வேண்டும். அப்போதுதான் காற்று போய்விட்டது என்று பேச்சு. தாஜ்முகம்மது அன்றைக்கு ஆலைக்காரர்களோடு தானும் மேலே ஏறி வந்திருந்தார். மாவு அவருடைய செருப்பு மேலேயே விழுந்தது.

"பாத்தீங்களா? முடிஞ்சது. பலகைய இறக்குங்கப்பா."

"ஒரு நாள்தானே தலைவரே விழுந்திருக்கு," என்றான் நூர்வலி. வரிசையின் கடைசி ஆலை அவனுடையது. அதிகம் பேசாத மனுஷன், மாவு படிந்த புருவத்தோடு எப்போதும் பாதித் தூக்கத்தில் இருப்பவன் போலத் தெரிவான்.

"இன்னைக்கு விழுந்தது நாளைக்கு எந்திரிச்சு ஓடிருமா?"

கீழே வாசலில் உட்கார்ந்து கோதுமை புடைத்துக்கொண்டிருந்த நூர்வலியின் தங்கை சனோபர் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "காத்து என்ன உங்க மருமகப்பிள்ளையா தலைவரே, நீங்க குறிச்ச தேதிக்கு வந்துட்டுப் போக?"

எல்லோரும் சிரித்தார்கள். தாஜ்முகம்மதும் சிரித்தார். ஆனால் அவர் இப்படிப்பட்ட சிரிப்புகளை மறக்கிற ஆள் இல்லை.

எல்லாருக்குமே கோடை முழுக்க உழைத்த அலுப்பு. ஒருவன் சக்கரத்தைக் கட்டினான், மற்றவனும் கட்டினான். பலகைகள் என் கழுதைகளின் இரு பக்கமும் தொங்கிக்கொண்டு ஊர்த்தலைவர் முற்றத்துக்கு இறங்கின. நூர்வலியின் பலகைகள்தான் கடைசியாகப் போயின.

சனோபரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவள் புருஷன் கிணற்று வாய்க்கால் தோண்டுகிறவன். பூமிக்கடியில் சுரங்கம் சரிந்து போய்ச் சேர்ந்தான். இரண்டு பெண் குழந்தைகள். அவன் உழுத நிலம் மஷ்ஹதில் இருக்கிற பண்ணையாருடையது. முதல் மழைக்கு முன்னால் யார் விதையைக் கொண்டுவந்து ஊர்த்தலைவர் கண்ணில் காட்டுகிறார்களோ அவர்களுக்குத்தான் அந்த வருஷம் நிலம். விதை இல்லாதவனுக்கு நிலம் இல்லை. அவள் துண்டு நிலத்தின் மேல் தாஜ்முகம்மதின் தம்பி மகனுக்கு ரொம்ப நாளாகக் கண். அது ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

அதனால் அவள் விதையைக் கண்ணில் வைத்துக் காத்தாள். பொறுக்கி எடுத்த கோதுமை, ஒரே நிறம், ஒரே அளவு. வீட்டில் எலி. ஆலையில் நூர்வலியின் பூனை இருப்பதால் மூட்டைகளை அங்கே கல் அறைச் சுவரோரம் அடுக்கியிருந்தாள். தினமும் மேடேறி வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போவாள். அண்ணன் அவளைத் தன் வீட்டோடு வந்து இருக்கச் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டான்.

"எனக்கு நிலமும் வேணாம், அதுக்குத் தலைவர் கால்ல விழறதும் வேணாம்னு வந்துரு புள்ள. என் வீட்டுல ரொட்டி இல்லையா?"

"இருக்கு. கூடவே உம் பொண்டாட்டி மூஞ்சியும் இருக்கே. ரெண்டையும் சேத்து முழுங்க என் தொண்ட பத்தாது."

அண்ணி குல்பரி காதில் இது விழும்படியாகத்தான் சொல்வாள். குல்பரியும் பதிலுக்கு ஒன்று சொல்வாள். அவர்களுக்குள் அது ஒரு போக்கு.

கல்யாண நாள் விடிந்தது. தாஜ்முகம்மது வீட்டில் முதல் நாள் இரவே சம்பந்தி வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். சொன்னதைவிட அதிகமான ஆட்கள், கூடவே சொல்லாத கிழவர்கள். மாவு பற்றாது என்று அடுப்படிப் பெண்கள் கையை விரித்துவிட்டார்கள். காலையிலேயே என்னைக் கூப்பிட்டு இரண்டு மூட்டைக் கோதுமையைக் கான் முதுகில் ஏற்றினார் தாஜ்முகம்மது.

"நூர்வலி ஆலையில இப்பவே அரைச்சுக் கொண்டா. மெலிசாக் காத்து இருக்கு, போதும்."

"வாய்ப்பலகை இங்கதானே இருக்கு தலைவரே?"

"ரெண்டு மூட்டைக்கு எதுக்குய்யா பலகை? அரைச்சு முடிஞ்சதும் சக்கரத்தக் கட்டிருங்க. இந்தக் காத்துக்குச் சக்கரம் ஊதினாலே நிக்கும்."

நூர்வலியும் அதைத்தான் கேட்டான். நானும் அதே பதிலைச் சொன்னேன். அவன் கூரையேறி வடக்கே கொஞ்ச நேரம் பார்த்தான். வானம் சுத்தமாக இருந்தது. கல்யாண வீட்டுக்கு இல்லை என்று சொல்ல அவனால் முடியவில்லை. சொல்லக்கூடியவனாக இருந்தால் அவன் நூர்வலியாகவே இருக்க மாட்டான். கயிற்றை அவிழ்த்தான். சக்கரம் சோம்பல் முறித்து எழுந்து மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது.

சனோபர் வழக்கம் போல வந்திருந்தாள். கஷ்க் என்கிற காய்ந்த தயிர்க்கட்டியைக் கரைத்து, அதில் பழைய ரொட்டியைப் பிய்த்துப் போட்டு எங்கள் முன்னால் வைத்தாள். வெங்காயத்தைக் கையாலேயே குத்தி உடைத்தாள்.

"தலைவர் வீட்டு விருந்துக்கு வயித்தக் காலியா வைக்கணும்," என்றேன்.

"அங்க உங்களுக்குக் கெடைக்கப்போறது கழுதைக்குப் பக்கத்துல எடமும் எலும்பும்தான் ஹெராத்தி அண்ணே. இத ஒழுங்காச் சாப்பிடுங்க."

முதல் மூட்டை முடிந்து இரண்டாவது பாதி ஓடியிருக்கும். கல்லின் சத்தம் மாறியது. நூர்வலி வாயில் வைத்த ரொட்டியை மெல்லாமல் நிறுத்தினான். மேலே சிறகுகள் அதுவரை பேசிக்கொண்டிருந்த மாதிரி இருந்தவை, இப்போது கத்த ஆரம்பித்தன. வாசலில் கட்டியிருந்த கான் பின்பக்கத்தை வடக்கே திருப்பி நின்றுகொண்டது.

நான் எட்டிப் பார்த்தேன். வடக்கே அடிவானம் மஞ்சளாக எழுந்து வந்துகொண்டிருந்தது. போன காற்று எதையோ மறந்து வைத்துவிட்டு எடுக்க வந்தது போல.

"கட்டு! சக்கரத்தக் கட்டு!" என்று நான் கத்தினேன்.

"இப்பவா?" என்றான் நூர்வலி. "எங்கப்பன் இப்படி ஓடற சக்கரத்துல கயிறு போடப் போய்த்தான் ஒரு கைய முழங்கையோட வுட்டான்."

கல்லைத் தூக்கிவிடலாமே என்று வெளியூர்க்காரன் கேட்பான். தூக்கலாம். தூக்கினால் சக்கரம் சுமை இல்லாமல் வெறிபிடித்து ஓடும், தண்டு அடிக்குழியிலிருந்து எகிறும், எகிறிய தண்டு சுவரைப் பிளக்கும். சுவர் பக்கத்து ஆலைக்கும் சொந்தம். தூக்காமல் விட்டால், தானியம் இருக்கிற வரைக்கும் கல்லுக்கு வேலை, சக்கரத்துக்குப் பாரம். தானியம் தீர்ந்தால் கல்லும் கல்லும் உரசித் தீப்பொறி பறக்கும், மேல்கல் வெடிக்கும். ஆக, காற்று ஓய்கிற வரைக்கும் கல்லின் வாயில் எதையாவது போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் காற்றின் வாயை அடைக்க வேண்டும்.

நூர்வலி கம்பளிப் போர்வையை எடுத்துக்கொண்டு மேலே ஓடினான். வாயில் விரித்துப் பிடித்ததும் காற்று அதை அவன் கையிலிருந்து பிடுங்கி உள்ளே இழுத்தது. ஒரு சுற்றில் சிறகுகள் அதைக் கிழித்து மறுபக்கம் துப்பின. அவன் கீழே ஓடி வந்தான்.

"ஹெராத்தி, ஓடு. பலகைய வாங்கிட்டு வா. கெஞ்சியாவது வாங்கிட்டு வா."

தானியம் விழுகிற துளையை விரலால் அடைத்து அடைத்து, மிகமிக மெல்லிய தாரையாக விட்டுக்கொண்டிருந்தான். அவன் பின்னால் சனோபர் நின்றாள். அவள் மூட்டைகளைப் பார்த்ததை நான் பார்த்தேன். நூர்வலி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

கானை அடித்து ஓட்டிக்கொண்டு இறங்கினேன். ஊர் பள்ளத்தில் இருக்கிறது. தாஜ்முகம்மதின் முற்றத்துச் சுவர்கள் இரண்டாள் உயரம். உள்ளே கொஞ்சம் புழுதிதான், காற்றின் ஊளை மட்டும் மேலே கேட்டது. மேளக்காரன் அடித்துக்கொண்டிருந்தான். நடுமுற்றத்தில் பலகைகள் மேல் சிவப்புக் கம்பளங்கள், கம்பளங்கள் மேல் சம்பந்தி வீட்டுப் பெரியவர்கள். நடுவில் மாப்பிள்ளையின் தாத்தா ஹாஜி சுப்ஹான், வெள்ளைத் தலைப்பாகையோடு தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

தாஜ்முகம்மதை ஓரமாக இழுத்து விஷயத்தைச் சொன்னேன்.

"உனக்குப் பைத்தியமா? எந்தப் பலகையக் கேக்கற, தெரியுதா?"

"நூர்வலி பலகைதான் தலைவரே. மூணு போதும். இந்த ஓரத்துல இருக்கறது."

"ஓரத்துல யாரு உக்காந்திருக்கா பாத்தியா? மாப்பிள்ளையோட தாய்மாமன். எந்திரிங்கய்யா, பலகைய உருவணும்னு சொல்லவா? நாளைக்கு உப்பளத்துக்கு அந்தப் பக்கம் பூரா என்ன பேசுவான்? தாஜ்முகம்மது விருந்தாளிய உக்காரவச்சு எழுப்பினான்னு பேசுவானா மாட்டானா?"

"ஆலை போயிரும் தலைவரே."

"கொஞ்ச நேரத்துக் காத்துய்யா இது. கூடிப்போனா மத்தியானம், லுஹர் தொழுகை வரைக்கும். அதுவரைக்கும் எதையாவது போட்டு அரைக்கச் சொல்லு."

"எதப் போட?"

அவர் என்னைப் பார்த்தார். அவருக்கும் தெரியும், அங்கே வேறு என்ன இருக்கிறது என்று. "அது ஆலைக்காரன் பாடு," என்று சொல்லிவிட்டு, முகத்தில் சிரிப்பை ஒட்டிக்கொண்டு விருந்தாளிகள் பக்கம் திரும்பினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கம்பளத்தை நானே உருவியிருப்பேன். ஆனால் விருந்தாளி உட்கார்ந்த இடத்தில் கை வைக்க இந்த ஊரில் எவனுக்கும் கை வராது. வந்தேறியான எனக்கும் வரவில்லை.

வெறுங்கையோடு மேடேறினேன். கான் பாதி வழியில் படுத்துக்கொண்டது. விட்டுவிட்டு நடந்தேன்.

உள்ளே போனபோது தாஜ்முகம்மதின் கோதுமை தீர்ந்து போயிருந்தது. மூலையில் கிடந்த தவிடும் போயிருந்தது. சனோபர் தன் முதல் மூட்டையின் வாயை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நூர்வலி மூட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று நின்றான்.

"வேணாம் புள்ள. கல்லு வெடிச்சா வெடிக்கட்டும். கல்லு வேற வாங்கிக்கலாம்."

"செவுரு? தண்டு? தண்டுக்கு மரத்த எந்த நாட்டுல போய் வெட்டுவ?"

"இது விதை, சனோபர். உன் நிலம்."

"தெரியுதுண்ணே. நான்தான பொறுக்கினேன், எனக்குத் தெரியாதா? கைய எடு."

"உம் பிள்ளைங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"ஆலையும் போயிட்டா அப்ப எப்படி முழிப்ப? உம் பிள்ளைங்களும் எம் பிள்ளைங்களும் சேந்து மண்ணத் திங்கவா?" அவள் மூட்டையை வெடுக்கென்று இழுத்தாள். "அழுவாத. அழுதா மாவு பிசுபிசுத்துப் போவும்."

தொட்டியில் கொட்டினாள். அந்தச் சத்தத்தை நான் மறக்க மாட்டேன். நல்ல விதைக் கோதுமை விழுகிற சத்தமே வேறு. கல்லின் கத்தல் கொஞ்சம் தணிந்தது, தண்டு நேரானது. விதையைக் குத்தித் தின்பவன் வீடு விளங்காது என்று எல்லா ஊரிலும்தான் சொல்கிறார்கள். அவள் தின்னக்கூட இல்லை, காற்றுக்குப் போட்டாள்.

"என்ன சொன்னாரு?" என்று என்னிடம் கேட்டாள், கையை நிறுத்தாமல்.

சொன்னேன். விருந்தாளிகளை எழுப்ப முடியாது என்றார் என்று சொன்னதும் அவள் கொஞ்சம் சிரித்தாள்.

"அப்படியா? நல்லா வசதியா உக்காந்திருக்காங்களா?"

"கம்பளம் போட்டு, தலகாணி வச்சு."

"உக்காரட்டும்."

அவள் அடுத்த மூட்டையை அவிழ்த்தாள். நூர்வலி துளையை அடைத்து அடைத்துக் கஞ்சன் எண்ணெய் விடுகிற மாதிரி விட்டான். நான் மாவை வாரி வாரிச் சாக்கில் கட்டினேன். எங்கள் மூன்று பேர் முகமும் ஒரே நிறமாகிவிட்டது. லுஹர் தாண்டிய பிறகும் காற்று விடவில்லை. கடைசி மூட்டையை உதறி, அதன் மூலைகளில் ஒட்டியிருந்ததையும் விரலால் நோண்டிப் போட்டாள். அது தீர்ந்துகொண்டிருக்கும்போதுதான் சிறகுகளின் சத்தம் இறங்க ஆரம்பித்தது. நூர்வலி கயிற்றோடு மேலே ஓடினான். அவன் சக்கரத்தைக் கட்டிவிட்டுக் கீழே வந்தபோது தொட்டி காலியாக இருந்தது. ஆலை நின்றது. அவன் தங்கையின் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

நான் தாஜ்முகம்மதின் மாவை மட்டும் தனியாக எடுத்துக் கட்டப் போனேன்.

"எல்லாத்தையும் கொண்டு போங்க ஹெராத்தி அண்ணே. என்னோடதையும்."

"உம் மாவ எதுக்கு அவனுக்கு?" என்று நூர்வலி சீறினான். அவன் சீறி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"மாவ வச்சு நான் வெதைக்கவா முடியும்? கல்யாண வீட்டுல ரொட்டிக்குப் பத்தலன்னாங்களே. கொண்டு போங்க."

எனக்கு அவள் மேல் எரிச்சலாகக்கூட இருந்தது. இவ்வளவு பட்டும் அந்த ஆளுக்குத் தானமா என்று. சாக்குகளை வாசலுக்கு இழுத்தேன். பாதி வழியில் படுத்த கான் எழுந்து வந்து, ஒன்றுமே நடக்காதது போல அங்கே நின்றது.

விருந்து நேரம் தாமதமாகிவிட்டதால் அடுப்படியில் மாவை எவளும் பிரித்துப் பார்க்கவில்லை. பிசைந்தார்கள், தட்டினார்கள், தந்தூரின் சுவரில் அறைந்தார்கள். அந்த மணம் எழுந்ததும் மேளக்காரனே கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். முற்றத்தில் பெரிய கிண்ணங்களில் ஆட்டுக்கறிச் சாறு வந்தது. துணி நிறைய ரொட்டி வந்தது. எல்லோரும் ரொட்டியைப் பிய்த்துச் சாறில் போட்டு ஊறவைத்துச் சாப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கு நிஜமாகவே கழுதைக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது.

இரண்டாம் சுற்று ரொட்டியைக் கொண்டு வந்தது சனோபர். முகத்தைக் கழுவவில்லை. புருவம், தலைத்துணி, தோள் எல்லாம் மாவு. நேராக நடுப்பலகைக்குப் போய் ஹாஜி சுப்ஹான் முன்னால் துணியை விரித்து வைத்தாள்.

"ரொட்டி எப்படிங்க பெரியவரே இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கு மகளே. எங்க பக்கம் இப்படி வர்றதில்ல. என்ன கோதுமை?"

"விதைக் கோதுமைங்க."

பெரியவரின் கை கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. "விருந்துக்கா விதைய அரைச்சீங்க? யாரு விதை?"

"என்னோடதுங்க. புருஷன் இல்ல. ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க. அடுத்த மழைக்கு விதைக்க வச்சிருந்தது."

தாஜ்முகம்மது பாய்ந்து வந்தார். "ஏய், இந்தப் பேச்செல்லாம் இங்க எதுக்கு? உள்ள போ. பெரியவரே, அவ கொஞ்சம்..."

"சொல்லட்டும்," என்றார் ஹாஜி. "உன்ன யாரு அரைக்கச் சொன்னா மகளே?"

"காத்துங்க. அண்ணன் ஆலை ஓடிட்டிருந்தது. நிறுத்தப் பலகை இல்ல. தலைவர்ட்ட கேட்டு ஆள் அனுப்பினோம்."

"பலகை எங்க?"

"நீங்க உக்காந்திருக்கீங்களே, அதுதாங்க."

மேளம் எப்போது நின்றதென்று எனக்குத் தெரியாது. ஹாஜி சுப்ஹான் கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். பலகையின் விளிம்பில் காடியில் உரசி உரசி வழவழப்பான பள்ளத்தை விரலால் தடவினார். பிறகு ஒரு கையைப் பேரன் தோளில் ஊன்றி எழுந்தார். அவர் எழுந்ததும் தாய்மாமன் எழுந்தார், அப்புறம் எல்லாரும் எழுந்தார்கள். அவ்வளவு பெரிய முற்றத்தில் ஒருத்தன்கூட உட்கார்ந்திருக்கவில்லை.

"தாஜ்முகம்மது, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்க நின்னுக்கிட்டே சாப்பிட்டிருப்போமே."

"விருந்தாளிய எப்படி எழுப்பறது பெரியவரே? எங்க ஊரு மரியாதை..."

"விருந்தாளிக்கு எடம் குடுக்கறதுதான் மரியாதை. தகப்பனில்லாத பிள்ளைங்க சோத்துமேல கம்பளம் விரிச்சுக் குடுக்கறது என்ன மரியாதையப்பா?"

தாஜ்முகம்மது குனிந்து, தூக்கிக் கிடந்த கம்பளத்தின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். பெண்ணின் தகப்பன், கல்யாண நாள், சம்பந்திகளின் முன்னால். எனக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது. ஒரு கணம்தான்.

"முழுங்கினத இனி துப்ப முடியாது," என்றார் ஹாஜி, தன் ஆட்களைப் பார்த்து. "நம்ம வயித்துல இந்தப் பொண்ணு விதை இருக்கு. ஊருக்குப் போனதும் தின்ன வீடு ஒவ்வொண்ணும் ஒரு கிண்ணம் விதை அனுப்பணும். பொறுக்கின விதை. இந்த ஊர்க்காரங்களும் தின்னீங்கல்ல?"

தின்றிருந்தோம். எல்லாருமே தின்றிருந்தோம். நானும் எலும்போடு இரண்டு ரொட்டி தின்றிருந்தேன்.

சனோபர் துணியை உதறி மடித்தாள். "மிச்சத்தச் சாப்பிடுங்க, ஆறிரும்," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவர்கள் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள்.

கிண்ணங்கள் வர ஆரம்பித்தன. எங்கள் ஊரிலிருந்து குட்டைச் சிவப்பு, உப்பளத்துக்கு அந்தப் பக்கமிருந்து நீள வெள்ளை, யாரோ கொடுத்த மீசைக் கோதுமை, மீசையில்லாதது, ஒன்றிரண்டு கிண்ணத்தில் பார்லி வேறு கலந்திருந்தது. நான் கொடுத்தது ஹெராத் கோதுமை, சொந்தக்காரன் ஒருவனிடம் கேட்டு வாங்கியது. தெற்கிலிருந்து வந்ததை எல்லாம் கூலி வாங்காமல் கான்தான் சுமந்தது, அதாவது நான் அதைச் சுமக்க வைத்தேன். குல்பரி இரண்டு கிண்ணம் கொடுத்தாள். "எம் மூஞ்சிய முழுங்க வேணாம், விதைய மட்டும் முழுங்கு," என்றாள். சனோபர் வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாதது அந்த இருவர் வரலாற்றில் முதல் தடவை.

மழைக்கு முன்னால் மூட்டைகளை இழுத்துக்கொண்டு போய் தாஜ்முகம்மதின் வாசலில் அவிழ்த்துக் காட்டினாள். தம்பி மகன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். தாஜ்முகம்மது ஒரு கை அள்ளிப் பார்த்தார்.

"இது என்ன, விதையா குப்பையா? ஊர்ல இருக்கற எல்லா எழவும் இதுல இருக்கு."

"உங்க கிண்ணமும் இதுலதான் இருக்கு தலைவரே. எதுன்னு பொறுக்கிக் காட்டுங்க, எடுத்துப் போட்டுர்றேன்."

அவர் கையிலிருந்ததை மூட்டையிலேயே போட்டுவிட்டார். நிலம் அவளுக்கே ஆயிற்று.

அந்த வருஷம் அவள் வயலைப் பார்க்க அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். குட்டையும் நெட்டையும், சிவப்பும் வெளுப்புமாக, ஒன்று முற்றும்போது ஒன்று பச்சையாக நின்றது. அறுக்கும்போது அவள் திட்டிக்கொண்டே அறுத்தாள். அரைக்கும்போது நூர்வலி திட்டிக்கொண்டே அரைத்தான். கெட்டிக் கோதுமையும் மெத்துக் கோதுமையும் ஒன்றாக விழுந்தால் கல் எதற்குத்தான் வளையும்?

ஆனால் அந்தக் காற்றுக்காலம் முடிந்ததும் வேறொன்று நடந்தது. கல்யாணத்துக்குப் பலகை கேட்டு ஆலைக்கு வந்த முதல் ஆள், யாரும் சொல்லாமலே, ஒரு கிண்ணம் விதைக் கோதுமையைக் கொண்டுவந்து வைத்தான். அடுத்தவனும் அப்படியே வந்தான். இப்போது அது வழக்கமாகிவிட்டது. கோதுமை சனோபர் கைக்குத்தான் போகும். ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்ப்பாள், டக்கென்று உடைந்தால் பலகை இறங்கும்.

போன வருஷம் தாஜ்முகம்மதின் இளைய மகளுக்குக் கல்யாணம். அவரே மேடேறி வந்தார். மூச்சு வாங்கியது. மூடிய கிண்ணத்தை அவள் முன்னால் வைத்தார். அவள் ஒரு மணியை எடுத்துப் பல்லில் வைத்தாள். மெதுவாக மென்றாள். கிண்ணத்தை மூடித் திரும்ப அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நமத்திருக்கு தலைவரே. நல்லாக் காயவச்சுக் கொண்டு வாங்க."

நானும் நூர்வலியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். அன்றைக்கு வெயில் நன்றாகவே அடித்தது.